குக்கீ பெட்டி வந்தால் எதை அழுத்துவது, அதற்கு முன்னாலேயே எதை அடைத்து வைப்பது

குக்கீ என்றால் என்ன என்று சொல்வதற்கு முன்னால் அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். கம்ப்யூட்டரில் குரோம் இருந்தால், நீங்கள் அடிக்கடி போகும் ஒரு செய்தித் தளத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். பக்கவாட்டிலோ கீழேயோ ஒரு பலகை திறக்கும். அதன் மேல் வரிசையில் 'அப்ளிகேஷன்' என்று இருக்கும் (இடம் போதாமல் அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கலாம்), அதைத் தட்டி இடதுபக்கம் 'குக்கீஸ்' என்பதை விரித்து, அதன் கீழே தெரியும் தளத்தின் பெயரைத் தட்டினால் ஒரு அட்டவணை வரும். பெயர், மதிப்பு, டொமைன் (அந்தக் குக்கீ எந்தத் தளத்துடையதோ அதன் முகவரி), காலாவதி என்று பத்திகள். மதிப்பு என்ற இடத்தில் பெரும்பாலும் அர்த்தமே இல்லாத எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான சரம்தான் இருக்கும். அவ்வளவுதான் குக்கீ. அது ஒரு புரோகிராம் இல்லை, தானாக ஓடாது, உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களைத் துழாவாது. ஒன்று அதிகபட்சம் சுமார் 4 கிலோபைட் கொண்ட வெறும் எழுத்துதான்.

இப்போது டொமைன் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். நீங்கள் திறந்த தளத்தின் பெயர் சில வரிகளில் இருக்கும். மற்ற வரிகளில் நீங்கள் கேள்விப்பட்டே இராத பெயர்கள் இருந்தால், அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுவதும்.

குக்கீ பிறந்ததே நல்ல காரணத்துக்குத்தான். பிரவுசரும் தளமும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி என்ற முறைக்கு ஞாபகசக்தி கிடையாது, ஒரு பக்கத்தைக் கேட்கிறீர்கள், கொடுக்கிறது, அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நீங்கள் யாரோ. கூடையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால் கூடை காலியாகிவிடும். 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் இருந்த லூ மான்டுல்லி இதற்குக் கண்டுபிடித்த வழி: தளம் ஒரு சின்னச் சீட்டை எழுதி பிரவுசரிடம் கொடுக்கும், பிரவுசர் அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போது அந்தச் சீட்டைக் காட்டும். உங்கள் லாகின், நீங்கள் தேர்ந்தெடுத்த மொழி, கூடையில் இருப்பது எல்லாம் இன்றைக்கும் இப்படித்தான் நினைவில் இருக்கின்றன. அதனால் 'எல்லா குக்கீயையும் முடக்கு' என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள், பாதி இணையம் வேலை செய்யாது.

சிக்கல் எங்கே என்றால், ஒரு பக்கத்துக்குள் அந்தத் தளத்தின் சரக்கு மட்டும் வருவதில்லை. விளம்பரம் ஒரு கம்பெனியிலிருந்து வரும், லைக் பட்டன் இன்னொரு இடத்திலிருந்து, எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணுகிற நிரல் வேறொரு இடத்திலிருந்து. அவர்களும் ஆளுக்கொரு சீட்டு கொடுக்கலாம். ஒரு விளம்பரக் கம்பெனி உங்களுக்கு 48213 என்று ஒரு எண் கொடுத்தது என்று வையுங்கள். காலையில் செய்தி படிக்கும்போது 48213 வந்தார் என்று குறித்துக்கொள்ளும். மதியம் முதுகுவலி பற்றி ஒரு மருத்துவத் தளத்தில் தேடுகிறீர்கள், அங்கேயும் அதே கம்பெனியின் விளம்பரம் இருந்தால் 48213-க்கு முதுகுவலி. இரவு வேலைவாய்ப்புத் தளம், 48213 வேலை மாறப் பார்க்கிறார். உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியவே வேண்டாம். இந்த மூன்று தளங்களுக்கும் ஒன்றைப் பற்றி ஒன்றுக்குத் தெரியாது, ஆனால் நடுவில் இருப்பவருக்கு மூன்றும் தெரியும். இதற்குத்தான் மூன்றாம் தரப்பு குக்கீ என்று பெயர். என் கருத்து இதுதான்: நீங்கள் போன தளம் உங்களை நினைவு வைத்துக்கொள்வது சரி, நீங்கள் போகாத ஒருவர் உங்கள் பின்னாலேயே வருவது சரி இல்லை. முதலில் அடைக்க வேண்டியது இந்த வழியைத்தான்.

சரி, எப்படி அடைப்பது?

சஃபாரியில் நீங்கள் செய்ய வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்பு குக்கீகளை அது தானாகவே தடுக்கிறது. செட்டிங்ஸில் 'பிரிவென்ட் கிராஸ்-சைட் டிராக்கிங்' என்பது ஆன் ஆகி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. 2022-லிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தனி ஜாடி என்ற கணக்கில் குக்கீகளைப் பிரித்து வைக்கிறது, ஒரு ஜாடியில் வாங்கிய சீட்டை இன்னொரு ஜாடியிலிருந்து காட்ட முடியாது. இன்னும் கறாராக வேண்டுமென்றால் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் 'ஸ்டிரிக்ட்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

குரோம்தான் நீங்கள் கைவைக்க வேண்டிய இடம். மூன்றாம் தரப்பு குக்கீகளை இரண்டு வருடத்தில் ஒழித்துவிடுவோம் என்று 2020-இல் கூகுள் சொன்னது, தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆகவே சாதாரண விண்டோவில் அவை திறந்துதான் கிடக்கின்றன, நீங்களாக மூடினால்தான் உண்டு. செட்டிங்ஸ், அப்புறம் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி (தமிழில் வைத்திருந்தால் தனியுரிமை, பாதுகாப்பு என்ற தலைப்பு), அதற்குள் 'தேர்ட்-பார்ட்டி குக்கீஸ்', அங்கே 'பிளாக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். போனில் இதே பெயர் 'சைட் செட்டிங்ஸ்' உள்ளே இருக்கலாம், தேடல் பெட்டி இருந்தால் குக்கீ என்று தட்டச்சு செய்தால் வந்துவிடும். ஒரு நிமிட வேலை. இன்றைக்கு வேறு எதையும் செய்ய நேரமில்லை என்றாலும் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

இதற்கு மேல் ஒரு படி போக விரும்பினால் ஒரு தடுப்பு எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்க்கும் சின்னக் கூடுதல் மென்பொருள்) போடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் சிறிய வடிவமான யூபிளாக் ஆரிஜின் லைட். ஒன்று போதும். மூன்று நான்கை ஒன்றாகப் போட்டால் எது எதைத் தடுக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். பெயர் தெரியாதவர் செய்த எக்ஸ்டென்ஷனை 'தனியுரிமை' என்று போட்டிருக்கிறதே என்று நம்பி நிறுவாதீர்கள், எக்ஸ்டென்ஷனுக்கு நீங்கள் பார்க்கும் எல்லாப் பக்கத்தையும் படிக்க அனுமதி கிடைக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இனி அந்தப் பெட்டி. பக்கம் திறந்ததும் பாதித் திரையை மறைத்துக்கொண்டு வந்து நிற்குமே, அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 ஆம் ஆண்டு தனியுரிமை விதி 2009-இல் திருத்தப்பட்டது, 2018 மே மாதம் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது, இரண்டும் சேர்ந்துதான் இந்தப் பெட்டியை உலகம் முழுக்கக் கொண்டுவந்தன. சட்டம் கேட்பது நியாயமானது: தளம் இயங்கத் தேவையில்லாத குக்கீ வைப்பதற்கு முன் அனுமதி கேள். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டத்தை அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2019 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. மறுப்பது ஏற்பது போல எளிதாக இல்லை என்பதற்காக பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டதை 2022 ஜனவரியில் அறிவித்தது. இருந்தும் நிறைய தளங்களில் 'ஏற்கிறேன்' பளிச்சென்ற நிறத்தில் பெரிதாகவும், மறுக்கும் வழி சாம்பல் நிறத்தில் சின்னதாகவும்தான் இருக்கிறது.

நான் செய்வது இப்படி. 'எல்லாம் வேண்டாம்' என்று நேராக இருந்தால் அதை அழுத்திவிடுவேன். இல்லையென்றால் 'மேனேஜ்' அல்லது 'செட்டிங்ஸ்' என்பதைத் திறப்பேன். அங்கே விளம்பரம், அளவீடு என்று வரிசையாக சுவிட்சுகள் இருக்கும், பெரும்பாலும் ஆஃபில்தான் இருக்கும், பார்த்துவிட்டு நிம்மதியாக வெளியே வரத் தோன்றும். அவசரப்படாதீர்கள். பக்கத்திலேயே இன்னொரு தாவல் இருக்கலாம், 'லெஜிட்டிமேட் இன்ட்ரெஸ்ட்' என்று, அதாவது எங்களுக்கு இதில் நியாயமான நலன் இருக்கிறது, அனுமதி கேட்கத் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். அந்தத் தாவலில் சுவிட்சுகள் ஏற்கெனவே ஆன் ஆகி இருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். 'அப்ஜெக்ட் ஆல்' என்று ஒன்று இருந்தால் தட்டுங்கள், பிறகு 'சேவ்' மாதிரி இருக்கும் பட்டனை அழுத்துங்கள். அங்கேயும் கவனம் வேண்டும், நீங்கள் ஒவ்வொன்றாக அணைத்த பிறகு கீழே பெரிதாகத் தெரியும் பட்டன் 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' ஆக இருக்கக்கூடும், அதை அழுத்தினால் செய்ததெல்லாம் போச்சு.

அவசரத்தில் தப்பாக ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மூன்றாம் தரப்பு குக்கீயை முன்பே மூடி வைத்திருந்தால் பெரிய சேதம் இருக்காது. அந்தத் தளத்தின் குக்கீகளை மட்டும் நீக்கிவிட்டால் பெட்டி திரும்ப வரும்: முகவரிக்கு இடதுபக்கம் இருக்கும் சின்ன ஐகானைத் தட்டி 'குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா' போய் அழித்துவிடுங்கள். ஒரேயடியாக எல்லாத் தளத்தின் குக்கீயையும் அழிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. எல்லா இடத்திலிருந்தும் லாகின் போய்விடும், பாஸ்வேர்டு ஞாபகம் இல்லாதவர்கள் தவித்துப் போவார்கள்.

லாகின் என்றதும் ஒரு முக்கியமான விஷயம். நீங்கள் உள்ளே நுழைந்த பிறகு தளம் உங்களை அடையாளம் காண்பது பாஸ்வேர்டை வைத்து அல்ல, லாகின் குக்கீயை வைத்து. அதை ஒருவர் திருடிவிட்டால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நேராக உங்கள் கணக்குக்குள் போய்விடலாம். சில மால்வேர்கள் குறி வைப்பதே இதைத்தான். அதனால் பிறர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் தாவலை மூடினால் போதும் என்று எழுந்து வராதீர்கள், லாக் அவுட் கொடுங்கள். சந்தேகம் வந்தால் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்துங்கள், பெரும்பாலான தளங்களில் பழைய லாகின் குக்கீ அத்தோடு செல்லாமல் போய்விடும்.

குக்கீ இல்லாமலும் பின்தொடர முடியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மின்னஞ்சலில் கண்ணுக்கே தெரியாத ஒரு பிக்சல் அளவுப் படத்தை வைத்து, நீங்கள் அஞ்சலைத் திறந்ததும் அந்தப் படம் அவர்கள் சர்வரிலிருந்து இறங்குவதை வைத்தே திறந்தார் என்று கண்டுகொள்வார்கள். மின்னஞ்சல் செட்டிங்ஸில் படங்களைக் கேட்டுவிட்டுக் காட்டு என்று மாற்றிவிட்டால் இது நின்றுவிடும். யாருக்காவது லிங்க் அனுப்பும்போது கேள்விக்குறிக்குப் பிறகு நீளமான வால் இருக்கிறதா பாருங்கள். யுடிஎம் (utm) என்று தொடங்குகிற பகுதிகளும் 'கிளிக் ஐடி' வகை எண்களும் யார் எங்கிருந்து வந்தார் என்று காட்டத்தான். அவற்றை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பினாலும் பக்கம் திறக்கும். போன் ஆப்களில் குக்கீக்குப் பதில் விளம்பர ஐடி வேலை செய்கிறது: ஆண்ட்ராய்டில் 'ஆட்ஸ்' என்ற பகுதிக்குள் போய் அதை அழித்துவிடலாம், ஐபோனில் 'டிராக்கிங்' பகுதியில் ஆப்கள் கேட்கவே கூடாது என்று அணைத்துவிடலாம்.

கடினமானது ஃபிங்கர்பிரின்ட். உங்கள் திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், பிரவுசர் பதிப்பு எல்லாவற்றையும் சேர்த்தால் அதுவே கைரேகை மாதிரி ஆகிவிடுகிறது. இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்கு வந்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்து அடையாளம் தெரிந்தன. குக்கீயை அழித்தால் இது அழியாது. அவர்களின் 'கவர் யுவர் டிராக்ஸ்' பக்கத்தில் உங்கள் பிரவுசரைச் சோதித்துப் பார்க்கலாம். குரோமின் மறைநிலை விண்டோவான இன்காக்னிட்டோவும் இதற்குத் தீர்வு இல்லை. அது விண்டோவை மூடியதும் குக்கீயையும் வரலாற்றையும் உங்கள் கருவியிலிருந்து நீக்கும், அவ்வளவுதான். உங்கள் ஐபி முகவரி தளத்துக்குத் தெரியும், எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று இணைய இணைப்பு தருபவருக்கும் தெரியும்.

கடைசியாக, மூன்றாம் தரப்பு குக்கீயை அடைத்த பிறகு எப்போதாவது ஒரு தளம் முரண்டு பிடிக்கும். எனக்கு ஒரு தளத்தில் பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, நான்கு தடவை முயன்று பார்த்துவிட்டு நெட்தான் சரியில்லை என்று நினைத்தேன், பார்த்தால் பணம் வாங்கும் பகுதி வேறொரு டொமைனிலிருந்து வருகிறது, அதன் குக்கீ தடுக்கப்பட்டிருக்கிறது. இப்படி நடந்தால் மொத்தத் தடையையும் எடுத்துவிடாதீர்கள். குரோமில் முகவரிப் பட்டையிலேயே ஒரு கண் மாதிரி ஐகான் வரும், அதைத் தட்டி அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிக்கு இடதுபக்கக் கேடய ஐகானில் அதே வசதி இருக்கிறது. வேலை முடிந்ததும் அதே இடத்தில் திரும்ப அடைத்துவிடலாம்.