வகுப்பறை வெப்பத்தை அளப்பதும் சரிசெய்வதும்: முதன்முறை இறங்குபவர்களுக்கான செய்முறை

ஏசி ரிமோட்டில் 24 என்று இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு வேர்த்துக் கொட்டும். ஏசிக்கு நேர் கீழே இருப்பவர் கைகளைக் கட்டிக்கொண்டு குளிரில் ஒடுங்கியிருப்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். சுவரில் இருக்கும் கருவி தன்னைச் சுற்றியுள்ள காற்றை அளக்கிறது. உட்கார்ந்திருப்பவர் உடல் உணர்வது வேறு. அதனால் இந்தச் செய்முறை முழுக்க ஒரே வழியில்தான் போகும்: ஆள் இருக்கும் இடத்தில் அளப்பது, அதே நேரத்தில் அந்த ஆளிடமே கேட்பது, பிறகு ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

தொடங்கும் முன்: உடல் எதை உணர்கிறது?

ஆறு விஷயங்கள் சேர்ந்துதான் ஒருவருக்கு இதமாக இருக்கிறதா இல்லையா என்பது முடிவாகிறது. காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள பரப்புகளின் கதிர்வீச்சு வெப்பம், காற்று வேகம், ஈரப்பதம் ஆகிய நான்கும் அறையைச் சேர்ந்தவை. உடை, உடல் உழைப்பு ஆகிய இரண்டும் ஆளைச் சேர்ந்தவை. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் 1970-ல் இந்த ஆறையும் ஒரே சமன்பாட்டில் கொண்டுவந்தார். இன்றைய ஐஎஸ்ஓ 7730 (சர்வதேசத் தரநிலை), ஆஷ்ரே 55 (அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தின் தரநிலை) ஆகியவற்றில் அவருடைய கணக்குதான் அடித்தளமாக இருக்கிறது.

இவற்றில் பெரும்பாலோர் விட்டுவிடுவது கதிர்வீச்சை. மேல்மாடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று 25 டிகிரி செல்சியஸ். வெயிலில் காய்ந்த கூரையும் மேற்குச் சுவரும் சேர்ந்து கதிர்வீச்சு வெப்பநிலையை 31 டிகிரிக்கு ஏற்றியிருக்கின்றன. காற்று அசையாத அறையில் உடல் உணர்வது கிட்டத்தட்ட இரண்டின் சராசரி, அதாவது 28. இதற்கு இயக்க வெப்பநிலை என்று பெயர். ரிமோட் சொல்வதற்கும் மாணவர் சொல்வதற்கும் இடையே இருக்கும் சண்டையில் பாதி இந்த 3 டிகிரியில்தான் இருக்கிறது.

படி 1: அறைகளைத் தேர்ந்தெடுத்தல்

கட்டடம் முழுவதையும் ஒரே நேரத்தில் அளக்க ஆசைப்பட வேண்டாம். மூன்று அறைகள் போதும்: அதிகப் புகார் வரும் அறை, புகாரே வராத அறை, நடுத்தரமான ஒன்று. புகார் இல்லாத அறை வீண் என்று நினைக்காதீர்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் திசை, மாடி, ஜன்னல்கள் எங்கே, ஏசி காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எத்தனை இருக்கைகள் என்று ஒரு சிறிய வரைபடம் போட்டுவையுங்கள். கட்டடப் பராமரிப்புப் பிரிவிடமும் துறைத் தலைவரிடமும் முதலிலேயே அனுமதி வாங்கிவிடுங்கள். மாணவர்களிடம் கேள்வி கேட்கப் போவதால், ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவையா என்றும் விசாரியுங்கள்.

படி 2: கருவிகள்

வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டுக்கும் எஸ்எச்டி31 சென்சார் நல்ல தேர்வு. வெப்பநிலையில் ஏறக்குறைய 0.2 முதல் 0.3 டிகிரி, ஈரப்பதத்தில் 2 சதவீதம் அளவுக்குத்தான் பிசகும். டிஎச்டி22 எளிதாகக் கிடைக்கும், ஆனால் அரை டிகிரி வரை பிசகலாம். அறைக்கு அறை ஒரு டிகிரி வித்தியாசத்தைப் பேச வரும்போது அந்த அரை டிகிரி பெரிய தொல்லை. அளவுகளைப் பதிவுசெய்யும் வேலைக்கு ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் போர்டு போதும், வைஃபையில் அனுப்பும். புரோகிராம் எழுதத் தெரியாவிட்டால் கடையில் கிடைக்கும் டேட்டா லாகரே (தானே அளந்து பதிவுசெய்யும் கருவி) போதும்.

போர்டை வைத்துச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்டு தானே சூடாகும். சென்சாரை அதன் மேலேயே, அதுவும் மூடிய பெட்டிக்குள் வைத்தால், அறையின் வெப்பத்தோடு போர்டின் வெப்பத்தையும் சேர்த்து அளப்பீர்கள். ஒரு சாண் நீளக் கம்பியில் சென்சாரை வெளியே எடுத்துவிடுங்கள்.

கதிர்வீச்சை அளக்கக் கோள வெப்பமானி வேண்டும். தரநிலைகளில் வருவது 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருப்புக் கோளம். அது அறையோடு சமநிலைக்கு வர 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். நீங்களே செய்துகொள்ள ஒரு பிங்பாங் பந்து போதும். அதன் விட்டம் 40 மில்லிமீட்டர். ஊசியால் குத்தி, சென்சார் முனை நுழையும் அளவுக்கு ஒரு துளை போடுங்கள். டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சாரின் உலோக முனை பந்தின் நடுவில் நிற்கும்படி செருகி, துளையைப் பசையால் அடையுங்கள். வெளியே பளபளப்பு இல்லாத சாம்பல் அல்லது கருப்பு பெயிண்ட் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். பளபளக்கும் உலோகப் பூச்சு அடித்தால் அது கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பிவிடும். அப்போது பந்து காட்டும் எண் காற்றின் எண்ணை ஒட்டியே இருக்கும். காற்று மெதுவாக இருக்கும் அறையில் இந்தச் சிறிய பந்தின் அளவு இயக்க வெப்பநிலைக்கு மிக நெருங்கி வரும் என்பது கூடுதல் வசதி.

காற்று வேகத்துக்குச் சூடான கம்பி வகை அனிமோமீட்டர்தான் சரி. விசிறி சுழலும் வகை, உள்ளறையில் இருக்கும் மெல்லிய காற்றுக்குச் சுற்றவே சுற்றாது. விலை கூடுதலான கருவி என்பதால் ஆய்வகத்தில் இருந்து ஒரு நாள் இரவல் வாங்கி, இருக்கை இருக்கையாக அளந்து குறித்துக்கொண்டால் போதும்.

கரியமில வாயு சென்சார் ஒன்றும் இருந்தால் நல்லது. அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், வெளிக்காற்று உள்ளே வருகிறதா என்பதை அது மறைமுகமாகச் சொல்லிவிடும்.

படி 3: சென்சார்களை ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்தல்

எல்லா சென்சார்களையும் ஒரே மேசையில், வெயில் படாமல், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாள் ஓடவிடுங்கள். அவற்றின் சராசரியில் இருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொண்டு, பின்னால் கழித்துவிடலாம். ஈரப்பதத்தைச் சோதிக்க, ஒரு சிறு மூடியில் சாதாரண உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் ஈரமான கூழாகக் குழைத்து, சென்சாரோடு காற்றுப் புகாத டப்பாவில் சில மணி நேரம் மூடிவையுங்கள். உப்பு சென்சாரைத் தொடக் கூடாது. 25 டிகிரியில் உள்ளே 75 சதவீதம் காட்ட வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டால், பிறகு வரும் எந்த வித்தியாசம் அறையுடையது, எது சென்சாருடையது என்று பிரிக்கவே முடியாது.

படி 4: பொருத்தும் இடம்

உட்கார்ந்திருப்பவருக்குத் தரநிலை சொல்லும் உயரங்கள் மூன்று: கணுக்காலில் 0.1 மீட்டர், இடுப்பில் 0.6 மீட்டர், தலையில் 1.1 மீட்டர். நிரந்தரமாக வைக்கும் சென்சாரை 0.6 மீட்டரில், மேசைக்காலோடு கட்டிவிடலாம். மற்ற இரண்டு உயரங்களையும் ஒரு நாள் அளந்து பாருங்கள். தலைக்கும் காலுக்கும் 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதுவே தனிப் பிரச்சினை.

அறைக்குக் குறைந்தது இரண்டு இடங்கள்: ஜன்னல் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று. நேர் வெயில், புரொஜெக்டர், கணினியின் சூடான காற்று எதுவும் சென்சார் மேல் படக் கூடாது. கட்டடத்துக்கு வெளியே நிழலில் ஒன்று கட்டாயம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு போதும். வார இறுதியும் சேர்ந்து இரண்டு வாரம் ஓடட்டும். ஆளில்லாத நாட்களில் கட்டடம் தானாக எப்படி நடந்துகொள்கிறது என்பதை வார இறுதிதான் காட்டும்.

படி 5: கேட்பது

சென்சார் வாங்கப் பணமே இல்லை என்றாலும் இந்தப் படியை மட்டுமாவது செய்யுங்கள் என்பேன். ஃபோனில் ஒரு நிமிடத்தில் முடிக்கும் படிவம் போதும். கேள்விகள் நான்கு:

- இப்போது எப்படி உணர்கிறீர்கள்? கடும் குளிர் (−3), குளிர் (−2), லேசான குளிர் (−1), இரண்டும் இல்லை (0), லேசான வெப்பம் (+1), வெப்பம் (+2), கடும் வெப்பம் (+3).
- எப்படி இருந்தால் நல்லது? இன்னும் குளிராக, இப்படியே, இன்னும் சூடாக.
- எந்த இருக்கை?
- என்ன உடை?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். "லேசான குளிர்" என்று சொன்ன பலர் "இப்படியே இருக்கட்டும்" என்பார்கள். அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. வகுப்பு தொடங்கி குறைந்தது 15 நிமிடம் கழித்துக் கேளுங்கள். மாடிப்படி ஏறி வந்தவரின் உடல் அடங்க நேரம் வேண்டும். பெயர் கேட்க வேண்டாம். பதில் வந்த நேரம் தானாகப் பதிவாகட்டும். சென்சார் பதிவோடு கோர்க்க அதுதான் நூல்.

படி 6: கணக்கு

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உள்ள கட்டடச் சூழல் ஆய்வு மையம் ஓர் இலவச இணையக் கருவியை வைத்திருக்கிறது. ஆறு எண்களையும் கொடுத்தால் பிஎம்வி, பிபிடி இரண்டையும் தரும். பிஎம்வி என்பது, படி 5-ல் பார்த்த −3 முதல் +3 வரையான அளவில் ஒரு கூட்டம் சராசரியாக என்ன சொல்லும் என்ற மதிப்பீடு. பிபிடி என்பது எத்தனை சதவீதம் பேர் அதிருப்தி அடைவார்கள் என்பது. பைத்தான் தெரிந்தவர்களுக்கு பைதெர்மல்கம்ஃபர்ட் என்ற நூலகம் இருக்கிறது. கோளத்தின் அளவில் இருந்து கதிர்வீச்சு வெப்பநிலையையும் அது கணக்கிட்டுத் தரும். உடல் உழைப்பை மெட் என்ற அலகிலும், உடை தரும் கதகதப்பைக் குளோ என்ற அலகிலும் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து கேட்பவருக்கு உழைப்பு 1.0 மெட், தட்டச்சு செய்பவருக்கு 1.1 மெட். கால்சட்டையும் அரைக்கைச் சட்டையும் என்றால் உடை சுமார் 0.57 குளோ.

பிஎம்வி +0.5க்கும் −0.5க்கும் இடையில் இருந்தால் அதிருப்தி 10 சதவீதத்துக்குள் அடங்கும். சரியாக 0 வந்தாலும் 5 சதவீதம் பேருக்குப் பிடிக்காது என்றுதான் கணக்கே சொல்கிறது. எல்லோரையும் திருப்திப்படுத்தும் வெப்பநிலை என்று ஒன்று கிடையாது.

ஏசி இல்லாமல், ஜன்னலை மாணவர்களே திறந்து மூடும் அறைக்கு வேறு கணக்கு. ரிச்சர்ட் டி டியரும் கெயில் பிரேகரும் முன்வைத்து ஆஷ்ரே 55-ல் இடம்பெற்ற தகவமைப்பு முறை அது. கடந்த 7 முதல் 30 நாட்களின் சராசரி வெளி வெப்பநிலையை 0.31ஆல் பெருக்கி, 17.8ஐக் கூட்டுங்கள். வெளியே சராசரி 28 டிகிரி என்றால் விடை 26.5. இதற்கு மேலும் கீழும் 3.5 டிகிரி வரை, அதாவது 23 முதல் 30 வரை, 80 சதவீதம் பேர் ஏற்றுக்கொள்வார்கள் என்பது கணக்கு. வெளிச் சராசரி 10 முதல் 33.5 டிகிரிக்குள் இருக்கும்போது மட்டுமே இது செல்லும்.

கணக்கும் மாணவர் பதிலும் ஒத்துப்போகாவிட்டால் நான் பதிலைத்தான் நம்புவேன்.

படி 7: கோடுகளைப் படித்தல்

நாள் முழுதுக்குமான சராசரியைப் பார்க்காதீர்கள். இரவின் குளிர்ச்சி பகலின் வேதனையை மறைத்துவிடும். வகுப்பு நடந்த நேரத்தை மட்டும் பிரித்தெடுத்து, படி 6-ல் கிடைத்த வரம்பைத் தாண்டிய மணி நேரம் எவ்வளவு என்று எண்ணுங்கள். பிறகு பதிவுகளை நேரத்துக்கு எதிராகக் கோடாக வரைந்து, அந்தக் கோட்டின் வடிவத்தைப் பாருங்கள்.

வகுப்பு தொடங்கியதும் வெப்பமும் கரியமில வாயுவும் சேர்ந்து ஏறினால் காரணம் ஆட்கள். அமர்ந்திருக்கும் ஒருவர் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறார். 60 பேர் என்றால் 6 கிலோவாட். வெயில் தாழ்ந்த பிறகும் கோளம் காற்றைவிடச் சூடாகவே நின்றால், பகலில் வாங்கிய வெப்பத்தைக் கான்கிரீட் மெதுவாக வெளியே விடுகிறது. வெப்பநிலை ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்கினால் ஏசி அடிக்கடி நின்று ஓடுகிறது. அப்படி ஓடும் ஏசி காற்றைக் குளிர்விக்கும், ஈரத்தைப் போதுமான அளவு எடுக்காது. எண் 24 காட்டும்போதும் புழுக்கம் தெரிவதற்கு அது ஒரு காரணம். புகார் எல்லாம் ஒரே நான்கைந்து இருக்கைகளில் இருந்து வந்தால், ஏசி காற்று நேராக அங்கே விழுகிறதா என்று அனிமோமீட்டரை வைத்துப் பாருங்கள்.

படி 8: சரிசெய்தல்

செலவில்லாத வேலைகள் முதலில். மேற்கு பார்த்த மேல்மாடி அறையில் பிற்பகல் வகுப்பு இருந்தால் அதைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று கால அட்டவணை போடுபவரிடம் கேளுங்கள். வெயில் படும் சுவரிலோ புரொஜெக்டருக்குப் பக்கத்திலோ தெர்மோஸ்டாட் (வெப்பநிலையை அளந்து ஏசியைக் கட்டுப்படுத்தும் கருவி) இருந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள். ஃபில்டரைச் சுத்தம் செய்வது, காற்றைத் திருப்பும் தகடுகளைத் தலைக்கு மேலாகப் பார்க்கவைப்பது எல்லாம் ஒரு மணி நேர வேலை.

அடுத்தது ஃபேன். உடல் மேல் விநாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் காற்று பட்டால் இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். ஆகவே ஏசியை 26 அல்லது 27-ல் வைத்து ஃபேனையும் ஓட்டுவது பல அறைகளுக்குப் பொருந்தும். ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. காலி அறையில் அது ஓடினால் மோட்டாரின் சூடுதான் மிச்சம்.

ஜன்னல் வெயிலுக்கு, முடிந்தால் வெளிப்பக்கம் மறைப்பு போடுங்கள். உள்ளே தொங்கும் திரை கண்கூச்சத்தைக் குறைக்கும்; ஆனால் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தில் பெரும்பகுதி அறையிலேயே தங்கிவிடும். கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு மேல்மாடிக்கு நன்றாக உதவும். இரவில் வெளியே குளிர்ச்சி இறங்கும் ஊர்களில், பாதுகாப்பு இடம்கொடுத்தால், இரவெல்லாம் காற்றோட்டம் விட்டுக் கான்கிரீட்டை ஆறவைக்கலாம். குளிர்ப் பருவத்தில் ஜன்னல் இடுக்குகளை அடைப்பதும் குளிர்ந்த கண்ணாடியில் இருந்து இருக்கைகளை நகர்த்துவதும் முதல் வேலை.

படி 9: பலன் தெரிகிறதா?

ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஃபேனும் திரையும் ஒரே வாரத்தில் வந்தால் எது உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்றத்துக்குப் பின் மீண்டும் இரண்டு வாரம் அளந்து, அதே கேள்விகளைக் கேளுங்கள். வெளி வெப்பநிலை ஒத்திருக்கும் நாட்களை மட்டும் ஒப்பிடுங்கள். கைவைக்காத அந்தப் புகாரில்லா அறையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் வெப்பம் அதே அளவு இறங்கியிருந்தால் குளிர்வித்தது வானிலைதான்.

அறிக்கை ஒரே பக்கம் இருக்கட்டும். அறை எண், எந்த இருக்கைகள், எந்த நேரம், வரம்பைத் தாண்டிய மணி நேரம் முன்னும் பின்னும், மாணவர்களில் எத்தனை பேர் "இப்படியே" என்றார்கள், அடுத்து என்ன வேண்டும். பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு பிரதி, பதில் சொன்ன வகுப்புக்கு ஒரு பிரதி. சென்சார்களை அடுத்த பருவம் வரை கழற்ற வேண்டாம். கோடையில் பலன் தந்த மாற்றம் குளிர்காலத்தில் வேறு யாரையாவது நடுங்கவைக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.