இசைக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுப்பதும் நிறுத்துவதும்: வரிசை தவறினால் ஸ்பீக்கர் போகும்

வீட்டில் கீபோர்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், கருவிகளின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் பெட்டி), பல ஒலிகளைக் கலக்கும் சிறிய மிக்ஸர், உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர் ஆகியவற்றை வைத்துப் பயிற்சி செய்பவர்களில் பலர், அத்தனையையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகிவிட்டு, சுவரிலிருக்கும் ஒற்றைச் சுவிட்சைக் கொண்டே எல்லாவற்றையும் போட்டு அணைக்கிறார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தேன். இரவில் அணைக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரிலிருந்து ‘டொப்’ என்று ஒரு சத்தம் வரும். அது இயல்பு என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் ஜால்ராவின் ஒலி இடப்பக்கம் மட்டும் மங்கிக் கேட்டது. காதை அருகில் கொண்டுபோனபோது தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபர் பேசியது, உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் ஊமையாக இருந்தது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் வரிசையை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. மிக்ஸரோ கீபோர்டோ மின்சாரம் பெறும் கணத்தில், உள்ளே மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்பி மின்னழுத்தம் நிலைபெறும் வரை, அதன் வெளியீட்டில் ஒரு துள்ளல் உண்டாகிறது. மின்சாரம் நிற்கும்போதும் அதுவே நேர்கிறது. அந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபையர் விழித்திருந்தால், இசையைப் பெருக்குவதுபோலவே அந்தத் துள்ளலையும் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். ட்வீட்டருக்குள் இருப்பது தலைமுடி போன்ற மெல்லிய கம்பிச் சுருள். அதனால் இந்த அடியை நாள்தோறும் தாங்க முடியாது.

ஆகவே போடும்போது ஒலி பிறக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். எல்லா வால்யூமையும் குறைத்துவிட்டு, முதலில் கீபோர்டையும் இன்டர்ஃபேஸையும், அடுத்து மிக்ஸரையும் போட்டு, சில விநாடிகள் பொறுத்து, ஸ்பீக்கரைக் கடைசியாகப் போடுங்கள். அணைக்கும்போது ஸ்பீக்கர்தான் முதலில் அணைய வேண்டும். அதன் விளக்கு அணைந்ததும் மிக்ஸரின் மேல் கை வைத்துவிடாதீர்கள். ஆம்ப்ளிஃபையரின் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் இன்னும் சற்று மிச்சமிருக்கும் என்பதால், பத்துப் பதினைந்து விநாடிகள் விட்டு மற்றவற்றை அணைப்பது நல்லது. 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (கேபிள் வழியாகவே மைக்குக்குச் செல்லும் மின்சாரம்) பயன்படுத்தும் மைக் இருந்தால், அந்தப் பவரைப் போடும்போதும் அணைக்கும்போதும் அந்தச் சேனலை மியூட் செய்துகொள்ள வேண்டும்.

இந்த ஒழுங்கு எளிதில் கைவர, ஸ்பீக்கர்களுக்குத் தனிச் சுவிட்ச் இருக்க வேண்டும். ஒவ்வொரு பாயின்டுக்கும் தனிச் சுவிட்ச் உள்ள ஸ்பைக் பஸ்டர் வாங்கினால் போதும். நான் ஸ்பீக்கர் சுவிட்சின் மேல் சிவப்பு டேப் ஒட்டி, ‘போடுவதில் கடைசி, அணைப்பதில் முதல்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். வீட்டில் வேறு யார் அணைத்தாலும் தவறு நேர்வதில்லை.

சுவர்ச் சுவிட்ச் வேறு, கருவியின் சுவிட்ச் வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இன்றைய கீபோர்டுகளிலும் டிஜிட்டல் மிக்ஸர்களிலும் பல, தம் பவர் பட்டனை அழுத்திய பிறகுதான் அமைப்புகளைச் சேமித்து முறைப்படி அணைகின்றன. நடுவில் சுவரில் அணைத்தால் அன்று செய்த மாற்றங்கள் அழிந்துபோகலாம். எனவே முதலில் கருவியில் அணைத்து, திரை முழுதும் இருண்ட பிறகு சுவரில் அணையுங்கள். போடும்போது கருவிகள் அணைந்த நிலையில் இருக்க, சுவர்ச் சுவிட்சை முதலில் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக எழுப்புங்கள்.

மின்தடை இந்த வரிசையை மதிப்பதில்லை. மின்சாரம் போன உடனே, இருட்டிலும் தடவிப் பார்த்து ஸ்பீக்கர் சுவிட்சை அணைத்துவிட்டு மற்றவற்றையும் அணையுங்கள். இல்லையென்றால் மின்சாரம் திரும்பும்போது எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். திரும்பிய முதல் சில நிமிடங்களில் மின்னழுத்தம் ஏறி இறங்கக்கூடும் என்பதால் மின்விசிறி சீராக ஓடும் வரை காத்திருந்து போடுங்கள்.

‘ங்’ என்று ஓர் இரைச்சல் கேட்கிறது என்பதற்காக மூன்று முள் ப்ளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிடுபவர்களைக் கண்டிருக்கிறேன். இதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. கருவிக்குள் மின்கசிவு ஏற்பட்டால், கிட்டார் கம்பியில் விரலும் மைக்கில் உதடும் இருக்கும் பாடகரின் உடல் வழியாகவே மின்சாரம் பாயும். அந்த இரைச்சல் பெரும்பாலும் கருவிகள் வெவ்வேறு அறைகளின் பாயின்டுகளில் செருகப்பட்டிருப்பதால் வருவது. எல்லாவற்றையும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். வீட்டுக் கருவிகள் இழுக்கும் மின்சாரம் குறைவு. 6 ஆம்பியர் பாயின்ட் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 1,380 வாட் தாங்கும். அதே பாயின்டில் இஸ்திரிப்பெட்டியைச் செருகாமலிருந்தால் போதும்.

மழைக்காலத்தில் இடியை ஸ்பைக் பஸ்டர் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதன் உள்ளிருக்கும் பாதுகாப்பு உறுப்பு ஒவ்வொரு மின்னெழுச்சியிலும் கொஞ்சம் தேய்கிறது. அருகில் விழும் மின்னலை அது தடுக்காது. வானம் கறுக்கத் தொடங்கும்போதே கருவிகளை வரிசைப்படி அணைத்து, சுவர்ச் சுவிட்சையும் அணைத்து, வயரை இழுக்காமல் ப்ளக்கின் உடலைப் பிடித்து முழுதாக உருவி வெளியே வைத்துவிடுங்கள்.