மூன்றாவது இடத்துக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு

துறைமுகத்தில் எனக்கு டாலி எழுதும் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கண்டெய்னரின் எண்ணையும் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் பெட்டியைத் தேடி யார்டு முழுக்க அலைய வேண்டியதுதான். அந்தப் பழக்கமோ என்னவோ, கால்பந்து டேபிளையும் கையால் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு மனதில் நிற்கிறது. 2018-லிருந்து ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷனை எழுதி வருகிறேன், சீசனுக்கு ஒரு நோட்டு.

வியாசர்பாடியில் காலையில் கிரவுண்டுக்கு வரும் பசங்களுக்கு இங்கிலாந்து, ஸ்பெயின் கிளப்கள் எல்லாம் அத்துப்படி. என் நோட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது டிவிஷன் எதுக்குண்ணா?" என்பார்கள். அப்புறம் நான் டேபிளை விளக்கத் தொடங்கினால் பந்தை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். இந்த முறையில் நீங்களும் ஒரு சீசன் பின்தொடர்ந்து பாருங்கள்.

எனக்கு இது பிடித்துப்போனது என் அக்கா பையனால். 2017 கடைசியில் அவன் ஹாம்பர்குக்கு வேலைக்குப் போனான். அந்த ஊரும் துறைமுக ஊர் என்பதால் எனக்கு ஒரு ஒட்டுதல். அங்கே பெரிய கிளப் எச்எஸ்வி. 1963-இல் ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டஸ்லிகா தொடங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கீழே இறங்காத ஒரே கிளப். இவன் போய்ச் சேர்ந்த அடுத்த மே மாதமே அது இறங்கிவிட்டது. "நான் வந்த ராசியா மாமா?" என்று போனில் கேட்டான். அவனுக்காகப் பார்க்க ஆரம்பித்தவன்தான் நான். ஒரே வருஷத்தில் ஏறிவிடுவார்கள் என்று நினைத்தோம்.

சரி, நோட்டை எடுங்கள். ஒன்றிலிருந்து 18 வரை எண் போடுங்கள். 18 டீம், ஒவ்வொன்றும் மற்ற 17 டீமோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று, ஆக 34 மேட்ச். ஜெயித்தால் மூன்று பாயிண்ட், டிரா என்றால் ஒன்று. இது உங்களுக்கே தெரியும்.

இப்போது ஸ்கேலை வைத்து நான்கு கோடு போடுங்கள். இரண்டாவது இடத்துக்குக் கீழே ஒன்று, மூன்றாவதுக்குக் கீழே ஒன்று, 15-க்குக் கீழே ஒன்று, 16-க்குக் கீழே ஒன்று. முதல் இரண்டு டீம் நேராக புண்டஸ்லிகாவுக்கு ஏறும். கடைசி இரண்டு டீம் நேராக மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கும். நடுவில் நாலு முதல் 15 வரை இருப்பவர்கள் அங்கேயே இருப்பார்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் தனியாக மாட்டிக்கொண்டிருக்கும் அந்த மூன்றாவது இடமும் 16-வது இடமும்தான் இந்த லீக்கின் உயிர். அந்த இரண்டு வரியையும் நான் சிவப்பு மையில் எழுதுவேன்.

மூன்றாவது வந்த டீம், மேலே புண்டஸ்லிகாவில் 16-வதாக வந்த டீமோடு இரண்டு மேட்ச் ஆட வேண்டும், அவரவர் ஊரில் ஒவ்வொன்று. இரண்டு மேட்ச் கோலையும் கூட்டி யார் அதிகமோ அவர்களுக்கு மேல் டிவிஷனில் இடம். அதேபோல, இங்கே 16-வது வந்த டீம் மூன்றாம் டிவிஷனில் மூன்றாவது வந்த டீமோடு ஆடும். ஜெர்மன்காரர்கள் இதை ரெலெகாட்சியோன் என்கிறார்கள். மே கடைசியில் நடக்கும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது வந்துவிட்டாலே முக்கால்வாசி ஏறிவிட்டது போலத் தோன்றும். கணக்கு வேறு மாதிரி. இந்த முறை 2009-இல் திரும்ப வந்ததிலிருந்து 2025 வரை 17 முறை நடந்திருக்கிறது. இரண்டாம் டிவிஷன் டீம் ஜெயித்தது மூன்றே தடவை: 2009-இல் நூர்ன்பெர்க், 2012-இல் ட்யூசல்டோர்ஃப், 2019-இல் யூனியன் பெர்லின். மேலே திண்டாடிக்கொண்டிருந்த டீமாக இருந்தாலும் அவர்கள் வருஷம் முழுக்க பயர்னோடும் டார்ட்மண்டோடும் மோதிப் பழகியவர்கள். அந்த வேகம் கடைசி இரண்டு மேட்சில் தெரிந்துவிடும். கீழே நடக்கும் ரெலெகாட்சியோனில் கதை தலைகீழ், அங்கே ஏறி வருகிற மூன்றாம் டிவிஷன் டீம்தான் அதிகம் ஜெயிக்கிறது. ஆகவே மூன்றாவது இடத்துக்கு மேலே இருக்கும் கோட்டைக் கொஞ்சம் தடிமனாகவே போடுங்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரம் ஒரு பாயிண்ட் மாதிரி தெரியும், ஆனால் அது ரொம்பப் பெரிய தூரம்.

2024-ஐச் சொல்கிறேன். மூன்றாவதாக வந்த ட்யூசல்டோர்ஃப், முதல் மேட்சை, புண்டஸ்லிகாவில் 16-வதாக வந்த போஹும் டீமின் ஊருக்கே போய் 3-0 என்று ஜெயித்தது. அடுத்தது தன் சொந்த ஊரில். நம் நேரப்படி இரவு 12 மணிக்குத் தொடக்கம். எனக்குக் காலையில் ஆறு மணி ஷிஃப்ட், இருந்தாலும் மொட்டை மாடியில் பாயைப் போட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்தேன். போஹும் 1-0, 2-0, 3-0. கூட்டினால் சமம். எக்ஸ்ட்ரா டைமிலும் கோல் இல்லை. பெனால்டியில் ஐந்து பேர் அடித்து முடித்தும் தீரவில்லை, ஆறு, ஏழு என்று போய், கடைசியில் ட்யூசல்டோர்ஃபின் ஒரு சின்னப் பையன் அடித்த பந்து பாருக்கு மேலே பறந்துவிட்டது. 34 மேட்ச் ஓடி, மூன்று கோல் முன்னால் நின்று, மறுபடி அதே டிவிஷன். அந்தப் பையனை நினைத்து எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

அடுத்து, நோட்டில் பாயிண்டுக்குப் பக்கத்தில் கோல் வித்தியாசத்துக்கு, அதாவது அடித்த கோலில் வாங்கியதைக் கழித்தால் வருவதற்கு, ஒரு கட்டம் கட்டாயம் வையுங்கள். பாயிண்ட் சமமானால் ஜெர்மனியில் முதலில் பார்ப்பது அதைத்தான், அதுவும் சமம் என்றால் யார் அதிக கோல் அடித்தார்கள் என்பதை. 2019-ஐப் பாருங்கள். கடைசி நாளில் பாடர்போர்ன் 57 பாயிண்டில் இரண்டாவது, யூனியன் 56-இல் மூன்றாவது. பாடர்போர்ன் தோற்றுவிட்டது. யூனியன் ஜெயித்திருந்தால் நேராக ஏறியிருக்கும், ஆனால் 2-2 டிரா. இரண்டும் 57. பாடர்போர்னின் கோல் வித்தியாசம் 26, யூனியனுக்கு 21. தோற்றுக்கொண்டே பாடர்போர்ன் ஏறியது. ஆகஸ்டில் 3-0 ஜெயிக்கும்போது நாலாவது கோலுக்கு ஓடினார்களே, அது மே மாதத்தில் உதவிற்று. எங்கள் பசங்க மூன்று கோல் போட்டதும் பந்தைத் தட்டிக்கொண்டு நேரம் கடத்துவார்கள். அவர்களுக்கு நான் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவேன்.

யூனியன் அப்புறம் ஷ்டுட்கார்ட்டோடு ரெலெகாட்சியோன் ஆடி 2-2, 0-0 என்று முடித்தது. அப்போது வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு கூட, அதனால் ஏறிவிட்டது. அந்த விதி 2021-22 சீசனிலிருந்து இல்லை. பழைய மேட்சைப் பார்க்கும்போது குழம்பாமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

டேபிளில் தெரியாத ஒரு கோடும் உண்டு, லைசென்ஸ். ஒவ்வொரு சீசனுக்கும் கிளப் தன் பணக் கணக்கைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். ஆட்டத்தில் தகுதி இருந்தும் காசு இல்லையென்றால் இடம் கிடையாது. 2017-இல் மியூனிக் 1860, இரண்டாம் டிவிஷனிலிருந்து ரெலெகாட்சியோனில் தோற்று இறங்கியது. 1966-இல் ஜெர்மன் சாம்பியனான கிளப் அது. மூன்றாம் டிவிஷன் லைசென்சுக்கான பணத்தைக் கட்ட முடியாமல் நேராக நாலாவதுக்கு விழுந்தது. அந்தக் காலி இடத்தால் தப்பித்தது யார் தெரியுமா? மூன்றாம் டிவிஷனில் 18-வதாக வந்து நாலாவதுக்கு இறங்க வேண்டியிருந்த அதே பாடர்போர்ன். அடுத்த வருஷம் ஒரு படி ஏறி, அதற்கடுத்த வருஷம் நான் மேலே சொன்ன 57 பாயிண்டோடு புண்டஸ்லிகா. இரண்டே வருஷத்தில்! இந்த ஒரு கிளப்பின் கதைக்காகவே இந்த லீக்கைப் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் 2022-23-இல் பஞ்சாபும் 2023-24-இல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் இரண்டாம் டிவிஷனான ஐ-லீக்கை ஜெயித்து முதல் டிவிஷனான ஐஎஸ்எல்லுக்கு ஏறின. ஆனால் 2024-25 வரை ஐஎஸ்எல்லிலிருந்து ஒரு டீமும் இறங்கவில்லை. கடைசி இடத்துக்குப் பயமில்லாத டேபிளில் மார்ச் மாதத்துக்குப் பிறகு பாதிப் பேருக்கு வேலையே இல்லை. இறங்கும் கோடு இருந்தால்தான் 15-வது டீமுக்கும் 17-வது டீமுக்கும் நடக்கிற மேட்சுக்கு ஸ்டேடியம் நிறையும். இது என் உறுதியான கருத்து.

நேரம் பார்ப்பது எளிது. அங்கே குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை கோடைக் கணக்கு. வெள்ளி மேட்ச் நமக்கு ராத்திரி பத்து, அல்லது பதினொன்று. சனிக்கிழமை மதிய மேட்ச் நமக்குச் சாயங்காலம் நாலரை, அல்லது ஐந்தரை. ஞாயிறு ஐந்து, அல்லது ஆறு. சனி ராத்திரி ஒன்று தனியாக உண்டு, அதை நான் பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் குறிப்பேன். டிசம்பர் நடுவிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மாதம் லீவு.

34-வது வாரம் மட்டும் ஒன்பது மேட்சும் ஒரே நேரத்தில். ஞாயிறு, நமக்கு இரவு ஏழு மணி. ஒரு டீம் மற்ற ரிசல்ட்டைத் தெரிந்துகொண்டு ஆடிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அன்று ஒரு மேட்சை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் டீமின் மேட்சைப் பாருங்கள், அந்தக் கோட்டுக்குப் போட்டி போடும் டீமின் ஸ்கோரையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். பேனாவை மூடிவிட்டுப் பென்சில் எடுங்கள். ஏன் என்றால்:

2023 மே 28. அன்று அகமதாபாத்தில் சிஎஸ்கே ஃபைனல். எங்கள் தெரு டீக்கடை டிவியில் மழை கொட்டிக்கொண்டிருக்க, எல்லோரும் டாஸுக்காகக் காத்திருந்தார்கள். நான் ஓரமாக நோட்டோடு இருந்தேன். காலையில் எழுதியது இது: டார்ம்ஷ்டாட் 67, ஹைடன்ஹைம் 64, எச்எஸ்வி 63. டார்ம்ஷ்டாட் ஏற்கெனவே ஏறியாகிவிட்டது. எச்எஸ்வி ஜெயித்து 66 ஆகி, ஹைடன்ஹைம் ஜெயிக்காமல் போனால் இரண்டாவது இடம் எச்எஸ்விக்கு. ஹைடன்ஹைம் 2-0 என்று பின்தங்கி, அப்புறம் ஒன்று அடித்து 2-1. 90 நிமிஷம் தாண்டிவிட்டது. எச்எஸ்வி 1-0 ஜெயித்து அவர்கள் மேட்ச் முடிந்தேவிட்டது. ஜனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அக்கா பையன் போனில் கத்துகிறான்: "ஏறிட்டோம் மாமா! அஞ்சு வருஷம் மாமா!" நானும் நோட்டில் இரண்டாவது வரியில் எச்எஸ்வி 66 என்று நீல மையில் எழுதிவிட்டேன்.

ஹைடன்ஹைமுக்கு இன்னும் நேரம் இருந்தது. 93-வது நிமிஷத்தில் ஒரு பெனால்டி, 2-2. அப்போதும் ஹைடன்ஹைமுக்கு 65-தான், எச்எஸ்வி இரண்டாவதுதான். 99-வது நிமிஷத்தில் க்ளைன்டின்ஸ்ட் அடித்தார். 3-2. ஹைடன்ஹைம் 67. அந்த ஒரு கோலில், கோல் வித்தியாசத்தால் டார்ம்ஷ்டாட்டையும் தாண்டி, மூன்றாவது இடத்திலிருந்து சாம்பியனாகிவிட்டது. ஐம்பதாயிரம் பேர் உள்ள ஒரு சின்ன ஊரின் டீம். எச்எஸ்வி சிவப்பு வரிக்கு இறங்கியது. போனில் சத்தம் நின்றுவிட்டது. அடுத்து ஷ்டுட்கார்ட்டோடு ரெலெகாட்சியோன், இரண்டு மேட்சிலும் தோல்வி.

அந்தப் பக்கத்தில் நீல மையை அடித்து, பக்கத்தில் 3 என்று திருத்தியது அப்படியே இருக்கிறது. அதிலிருந்து கடைசி விசில் கேட்கும்வரை பென்சில்தான்.

2025 மே 10 வந்தது. இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கும்போதே எச்எஸ்வி, உல்ம் டீமை 6-1 என்று அடித்தது. ஏழு வருஷம், ஏழாவது நோட்டு. விசில் அடித்த பிறகும் நான் மற்ற ஸ்கோரையெல்லாம் ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். அக்கா பையன் கூப்பிட்டபோது ஒரே இரைச்சல், அவன் பேசியது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எழுதியாச்சுடா, பேனாவிலேயே எழுதியாச்சு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.