ஃபிக்ட்ரீயில் பரிணாம மரம் வரையும்போது முதலில் வேரைக் கவனியுங்கள்

மரபணு வரிசைகளிலிருந்து பரிணாம மரத்தைக் கணிக்கும் ஐகியூ-ட்ரீ, ராக்ஸ்எம்எல் நிரல்களில் எதை ஓட்டினாலும் கடைசியில் கைக்கு வருவது ஒரு நியூவிக் கோப்பு, அதாவது மரத்தை அடைப்புக்குறிகளால் எழுதிய உரைக்கோப்பு. அதைப் படமாக்க ஃபிக்ட்ரீ போதும். எடின்பரோவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ராம்பாட் எழுதிய இலவச மென்பொருள் இது.

கோப்பைத் திறக்கும்போது, மரத்தில் இருக்கும் எண்களுக்கு என்ன பெயர் என்று கேட்கும். பூட்ஸ்ட்ராப் (ஒரு கிளையைத் தரவு எவ்வளவு உறுதியாக ஆதரிக்கிறது என்று காட்டும் எண்) என்று கொடுங்கள். பிறகு இடதுபக்கம் நோடு லேபிள்ஸை டிக் செய்து, டிஸ்ப்ளேயில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் எண்கள் தெரியும்.

நிறம், எழுத்துரு எல்லாம் அப்புறம். ஐகியூ-ட்ரீ போன்ற நிரல்கள் தருவது பொதுவாக வேரில்லாத மரம், அதாவது பொது மூதாதை எங்கே என்று சொல்லாத மரம்; திரையில் இடது ஓரத்தில் வேர் போலத் தெரிவது கோப்பு எழுதப்பட்ட விதத்தால் வருவது, அதற்குப் பரிணாம அர்த்தம் கிடையாது. அவுட்குரூப்பின் (மற்ற எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கும் தூரத்து உறவினத்தின்) கிளையைச் சொடுக்கி, மேலே இருக்கும் ரீரூட் பொத்தானை அழுத்துங்கள். அவுட்குரூப் இல்லாவிட்டால் மிட்பாயிண்ட் ரூட் (மரத்தின் மிக நீண்ட பாதையின் நடுவில் வேர் வைப்பது) இருக்கிறது, ஆனால் எல்லா வம்சங்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் மாறியிருந்தால்தான் அதை நம்பலாம்.

வேர் மாற்றியதும் எண்களைக் கட்டாயம் சரிபாருங்கள். பூட்ஸ்ட்ராப் எண் உண்மையில் கிளைக்குரியது, நியூவிக்கோ அதைக் கணுவின் (கிளைகள் பிரியும் புள்ளியின்) பெயராக எழுதி வைக்கிறது. இதனால் வேர் மாற்றும்போது சில மென்பொருட்களில் எண்கள் தப்பான கிளைக்குப் போய்விடும் என்று செக், ஹுவெர்ட்டா-செபாஸ், ஸ்டமடாகிஸ் மூவரும் 2017இல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். கோப்பில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

(மனிதன்,சிம்பன்சி,(கொரில்லா,(ஒராங்குட்டான்,கிப்பன்)85)98);

இதில் 98 என்பது மனிதன், சிம்பன்சி இரண்டையும் மற்ற மூன்றிலிருந்து பிரிக்கும் கிளையின் எண். 85 இருக்கும் கிளை ஒராங்குட்டானையும் கிப்பனையும் ஒருபக்கம் பிரிக்கிறது. கிப்பனை அவுட்குரூப்பாக வைத்து வேர் மாற்றினால், மனிதன்-சிம்பன்சி கணுவில் 98 இருக்க வேண்டும், கொரில்லாவும் சேர்ந்த கணுவில் 85. அதற்குப் பதிலாக மனிதன்-சிம்பன்சி கணு காலியாகவும் கொரில்லா சேர்ந்த கணுவில் 98 என்றும் தெரிந்தால், எண்கள் இடம் மாறிவிட்டன. அந்தப் படத்தைத் தயவுசெய்து கட்டுரையில் போடாதீர்கள். பெரிய மரமென்றால் முக்கியமான நாலைந்து கிளைகளையாவது இப்படிக் கையால் பாருங்கள், நேரம் போனாலும் பரவாயில்லை.

மற்றதெல்லாம் சுலபம். ஆர்டர் நோட்ஸ் டிக் செய்தால் கிளைகள் வரிசைப்படும். ஒரு கணுவைச் சுழற்றுவதால் உறவுமுறை மாறாது, ஆகவே படிக்க வசதியாகச் சுழற்றிக்கொள்ளலாம். கிளை நீளம் காட்டும் படத்தில் ஸ்கேல் பாரை (நீள அளவுகோலை) எடுத்துவிடாதீர்கள். எஸ்விஜி படக்கோப்பாக ஏற்றுமதி செய்து, இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இனப்பெயர்களைச் சாய்வெழுத்தாக்கலாம், ஆனால் அங்கே கிளைகளை இழுத்து நீட்டக் கூடாது. நூற்றுக்கணக்கான இனங்கள், பக்கத்தில் வண்ணப் பட்டைகள் வேண்டுமென்றால் ஐடோல் (iTOL) என்ற இணையதளம்தான் வசதி.

ஃபிக்ட்ரீயில் சேமிக்கும்போது நிறங்களும் அமைப்புகளும் நெக்ஸஸ் கோப்பில் பதியும். அதை வேறு பெயரில் வைத்து, மூல நியூவிக் கோப்பைத் தொடாமல் விடுங்கள்.