நாற்று நூலாக நீள்கிறதா? உரம் ஊற்றும் முன் இதைப் படியுங்கள்

தக்காளி, மிளகாய் நாற்று வெளிறி, நூலாக நீண்டு, பூவாளித் தண்ணீருக்கே சாய்ந்தால் பலரும் சத்துக் குறைவு என்று யூரியா கரைத்து ஊற்றுகிறார்கள். தழைச்சத்து அந்த நீட்சிக்குத் துணைபோகுமே தவிர, தண்டைத் தடிக்க வைக்காது. கோளாறு வெளிச்சத்தில் இருக்கிறது.

இருட்டில் முளையின் செல்களுக்குள் ‘பிஃப்’ என்ற புரதங்கள் சேர்ந்துகொண்டே போகும். ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் உற்பத்தியைக் கூட்டி, தண்டை நீட்டச் சொல்பவை இவை. விதையின் கையிருப்பு தீர்வதற்குள் மண்ணுக்கு மேலே வர இந்த அவசரம் தேவைதான். சிவப்பொளி பட்டதும் பைட்டோகுரோம் என்னும் ஒளியுணர் புரதம் உட்கருவுக்குள் சென்று பிஃப்களைப் பிடிக்கிறது. பிடிபட்டவை சில நிமிடங்களிலேயே சிதைக்கப்படுகின்றன. நீட்சி அடங்கி, இலை விரிந்து பச்சை ஏறுகிறது.

விதையிட்ட குழித்தட்டுகளை (புரோட்ரே) முளைக்கும்வரை அடுக்கி பாலித்தீன் தாளால் மூடும் முறையில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஐந்து நாள் என்று கணக்கு வைத்து, வெயில் காலத்தில் முளை முந்திவிட்டதைப் பார்ப்பதில்லை. மூன்றாம் நாளிலிருந்து காலை மாலை தாளைத் தூக்கிப் பாருங்கள். குழிகளில் நிரப்பிய தென்னை நார்க்கழிவின் மேல் ஆங்காங்கே கொக்கிபோல் வளைந்த வெளிர் முளை தலைகாட்டினால் அன்றைக்கே தட்டுகளைப் பிரித்துப் பரப்புங்கள். ‘எல்லாம் முளைக்கட்டும்’ என்று காத்திருந்தால் முந்தி வந்தவை நீண்டுவிடும். நீண்ட செல் பிறகு எத்தனை வெயில் காட்டினாலும் சுருங்காது.

மரத்தடி நிழலும் நிழல்வலையும் ஒன்றல்ல. இலைகள் சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு, 730 நானோமீட்டர் அலைநீளம் அளவிலான தொலைசிவப்பு (far-red) ஒளியைக் கீழே விடும். அது பைட்டோகுரோமைத் திரும்ப உறங்க வைக்கும்; பக்கத்துச் செடியை முந்த வேண்டும் என்று நாற்று ஓடும். நெருக்கி விதைத்தாலும் இதே கதை. குழிக்கு ஒரு விதை போதும். 50 சதவீத நிழல்வலை சரி; அதன் மேல் பழைய சேலையையும் போர்த்த வேண்டாம்.

இரவுச் சூட்டைப் பலர் கவனிப்பதில்லை. வெப்பம் கூடினால் பைட்டோகுரோம் இருட்டில் வேகமாகச் செயலிழக்கும்; பிஃப்களின் கை ஓங்கி நாற்று நீளும். ஆய்வகங்களில் சோதனைக்கு வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், பைட்டோகுரோம் இப்படிச் செயலிழப்பது 2016இல் காட்டப்பட்டது. பகல் சூட்டை இரவில் கக்கும் மாடித் தளத்தில் தட்டை நேராக வைக்காமல், பலகையிலோ மேசையிலோ உயர்த்தி வையுங்கள்.

எல்இடி விளக்கு என்றால் 14 முதல் 16 மணி நேரம் போதும். நாள் முழுக்க எரியவிட்டால் தக்காளி இலை மஞ்சளாகிப் பழுதாகும்.

தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை, விதைத்த சுமார் 18ஆம் நாளில் லிட்டருக்கு 5 கிராம் வீதம் ஊற்றலாம், தண்டு திடமாக இருந்தால் மட்டும்.

ஏற்கெனவே நீண்டுவிட்ட தக்காளியை வித்திலை (முளையின் முதல் இலைகள்) வரை ஆழமாக நடலாம். புதைந்த தண்டு வேர்விடும். மிளகாயில் அந்த அளவு வேர்விடாது, ஆழ நட்டால் அழுகவும் கூடும். அதைத் தள்ளிவிட்டு மறுபடி விதைப்பதே மேல்.