சாவியைத் திருப்பியதும் மொத்தக் கரண்ட்டும் போய்விட்டதா? பேட்டரிக் கடைக்கு ஓடாதீர்கள்

ஏற்காட்டில் ஒரு ஜனவரி காலை. ஒண்டிக்கடையிலிருந்து சற்றுத் தள்ளி, இரவெல்லாம் பனியில் நின்ற ஜீப்பில் சாவியைப் போட்டேன். டேஷ்போர்டு விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. செல்ஃபுக்குத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான், விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாமே அணைந்துவிட்டன. சற்று நேரம் கழித்துத் தானாக விளக்கு வந்தது. மறுபடி செல்ஃப் அடித்தேன், மறுபடி எல்லாம் போனது.

பேட்டரி போய்விட்டது என்றே முடிவு கட்டி, சேலத்துக்கு இறங்கிப் புது பேட்டரி வாங்கிவந்து போட்டேன். நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் அதே இடத்தில் அதே 'டக்'.

"புது பேட்டரி போட்டும் இப்படியாண்ணே?" என்றேன் மெக்கானிக்கிடம்.

"பேட்டரி மேல பழி போடாதீங்க தம்பி. எர்த்து போற இடத்தைப் பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. பேட்டரியின் மைனஸ் கேபிள் பாடியில் முறுக்கப்பட்டிருந்த போல்ட்டை அவர் கழற்றினார். வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லை. உள்ளே, லக்கும் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) பாடித் தகடும் ஒட்டும் இடத்தில் துரு. லக்குக்குள் நுழையும் செம்புக் கம்பிகளில் பாதி பச்சை பூத்து, விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தன. பேட்டரி மாற்றியபோது கேபிள் கொஞ்சம் அசைந்ததில், மிச்சமிருந்த கம்பிகள் நான்கு நாள் தாக்குப்பிடித்திருக்கின்றன.

விளக்கு எரிகிறதே, அப்புறம் எப்படி இணைப்பில் கோளாறு இருக்கும் என்றுதான் எல்லோரும் ஏமாறுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 வாட் பல்பு அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை. செல்ஃப் மோட்டாரோ சாதாரணமாக 150 ஆம்பியருக்குக் குறையாமல் கேட்கும், டீசல் வண்டியில் இன்னும் அதிகம். கெட்டுப்போன இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே போதும்: பல்புக்கு அங்கே விரயமாவது 0.01 வோல்ட்டுக்கும் கீழே, செல்ஃபுக்கோ 3 வோல்ட். இணைப்பு இன்னும் மோசமென்றால், செல்ஃப் இழுத்த நொடியில் அந்த ஓர் இடமே மொத்த வோல்ட்டையும் விழுங்கிவிடும், விளக்குக்கும் எதுவும் மிஞ்சாது.

ஆகவே முதல் தவறு, செல்ஃப் அடிக்கும்போது விளக்கைக் கவனிக்காமல் இருப்பது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒருமுறை சாவியைத் திருப்புங்கள். பளிச்சென்று இருந்த விளக்கு சட்டென்று முழுதாக அணைந்தால், பேட்டரி முனைகளிலோ, மைனஸ் கேபிள் பாடியில் சேரும் இடத்திலோ, மெயின் ஃபியூஸ் இணைப்பிலோ தேடுங்கள். மெல்ல மங்கி, எஞ்சின் முக்கி முக்கிச் சுற்றினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. விளக்கு மங்காமலே இருந்து 'டக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரையும், அதற்குக் கரண்ட் திறந்துவிடும் சுவிட்சான சொலினாய்டையும், எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையையும் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனைக்குக் காசே செலவில்லை.

இரண்டாவது, வண்டி சும்மா நிற்கும்போது மட்டும் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்ப்பது. 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். ஆனால் கோளாறு வெளிப்படுவது பாரம் ஏறும்போதுதான். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழ் மேலும் மற்றதை அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேலும் வைக்கட்டும். நல்ல இணைப்பென்றால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். பிறகு மைனஸ் குமிழுக்கும் பாடிக்கும் நடுவில், அதற்கப்புறம் மைனஸ் குமிழுக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் நடுவில் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு வெகுவாக மேலே போனால் அந்த வழியில்தான் அடைப்பு. குமிழுக்குக் குமிழ் பார்க்கும்போது பேட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் மட்டும், சார்ஜ் ஏற்றிப் பார்த்துவிட்டுப் பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

நம் ஊர் வண்டிகளுக்கு இன்னொரு வினை உண்டு. பேட்டரியைக் கெடுப்பது ஏற்காட்டுக் குளிரென்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதை அரிப்பது சேலத்துச் சித்திரை வெயில். தண்ணீர் வற்றி, தகடுகள் வேகமாகத் தேய்கின்றன. ஆயில் கெட்டிப்படும் மார்கழிக் குளிரில் அந்தப் பலவீனம் வெளியே தெரிகிறது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வகை பேட்டரியென்றால் கோடையில் மாதம் ஒருமுறையாவது மட்டம் பாருங்கள்.

சுத்தம் செய்யும்போது முதலில் மைனஸைக் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மைனஸ். வரிசை மாறினால், ப்ளஸ் போல்ட்டில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டு நெருப்புப் பறக்கும். உப்புப் பூத்ததைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். சிலர் தேய்க்காமல் மேலே மட்டும் கிரீஸைப் பூசிவிடுகிறார்கள், உள்ளே அழுக்கு அப்படியே இருக்கும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி, சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பழைய டைனமோ காலத்துப் பழக்கம் அது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் இப்போதைய ஆல்டர்னேட்டரில் வோல்ட் எகிறி, அதன் டயோடும் வண்டியின் கம்ப்யூட்டரும் கருகும். முனைகளில் மீட்டர் வைத்து 13.8 முதல் 14.4 வரை வருகிறதா என்று பார்த்தாலே போதும்.

சேலம் லாரி ஊர், வழியில் உதவிக்கு நிற்பவர் பெரும்பாலும் லாரிக்காரராகவே இருப்பார். பெரிய லாரிகள் 24 வோல்ட். ஸ்டார்ட் செய்ய அதன் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் காருக்குக் கரண்ட் கொடுத்தால் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். 12 வோல்ட் வண்டியாகத் தேடுங்கள். ப்ளஸுக்கு ப்ளஸ் கொடுத்து, பிறகு நல்ல வண்டியின் மைனஸ், கடைசிக் கிளாம்பை உங்கள் பேட்டரியில் மாட்டாமல் தள்ளியிருக்கும் எஞ்சின் உலோகத்தில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், அதன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. பீடி, சிகரெட்டும் வேண்டாம்.

எனக்கு மிகவும் பயம் தருவது, மலைப்பாதையில் நின்ற வண்டியை இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பதுதான். கரண்ட்டே இல்லாத பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் வராது, இன்றைய டீசலிலும் பம்ப் வேலை செய்யாது. எஞ்சின் ஓடாததால் ஓரிரு முறை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும், சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். ஏற்காட்டுப் பாதையில் அடிவாரத்துக்கும் மேலுக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். நின்ற இடத்திலேயே கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அப்புறம் பானட்டைத் திறந்து, சாவி ஆஃபில் இருக்கும்போது இரண்டு கிளாம்பையும் கையால் அசைத்துப் பாருங்கள். கைக்கே அசைந்தால் முடுக்கிவிட்டு, ஹேண்ட்பிரேக்கும் கல்லும் அப்படியே இருக்க, கியரை நியூட்ரலுக்கு மாற்றி மறுபடி செல்ஃப் அடியுங்கள்.