அம்பாசமுத்திரத்துக்கு முதல்முறை போகிறீர்களா? இப்படித் திட்டமிடுங்கள்

நெல்லைப் பக்கம் அருவி என்றாலே எல்லோரும் குற்றாலத்துக்குத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். தாமிரபரணிக் கரையில் இருக்கும் அம்பாசமுத்திரத்தை, சுருக்கமாக அம்பையை, பலரும் கண்டுகொள்வதே இல்லை. ஒரு வார இறுதி போதும்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

என் கணக்கில் தை, மாசிதான் சரி. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் அருவிகளில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஆடி அமாவாசையை ஒட்டிப் போகாதீர்கள். பாபநாசம் மலையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும்.

2. ஊர் போய்ச் சேருங்கள்

திருநெல்வேலியிலிருந்து சுமார் 35 கி.மீ. பேருந்து உண்டு. செங்கோட்டை போகும் ரயிலில் ஏறினால் அம்பாசமுத்திரத்திலேயே இறங்கலாம். தங்குவதையும் இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். அருவிகள் இருக்கும் பாபநாசம், மணிமுத்தாறு இரண்டுக்கும் போய்வர இதுதான் வசதி.

3. முதல் நாள் காலை: அகஸ்தியர் அருவி

பாபநாசநாதர் கோயிலைத் தாண்டி மேலே போனால் வனத்துறைச் சோதனைச் சாவடி வரும். அதற்கு அப்பால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பையைத் திறந்து பார்ப்பார்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய், பிளாஸ்டிக் கவர் எதையும் கொண்டுபோகாதீர்கள். மாற்றுத்துணியும் துண்டும் போதும். தின்பண்டம் கையில் இருந்தால் குரங்கு பிடுங்கிக்கொள்ளும், அதட்டினாலும் அசையாது.

ஆண்டு முழுக்கத் தண்ணீர் விழும் அருவி இது. சீக்கிரம் போனால் நெரிசல் இல்லாமல் ஆசை தீரக் குளிக்கலாம். பாறை வழுக்கும், கம்பியைப் பிடித்தே நில்லுங்கள்.

4. மணிமுத்தாறு

அணையைப் பார்த்துவிட்டு அருவிக்குப் போங்கள். எதிரே இருக்கும் தடாகம் மிக ஆழம். நீச்சல் தெரிந்தாலும் இறங்க வேண்டாம். அதற்கு மேலே மாஞ்சோலை என்ற மலைப்பகுதி. அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டும், முதல் பயணத்தில் அதை விட்டுவிடலாம்.

5. மாலையில் ஆறு

ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு மளமளவென்று ஏறும். அப்புறம், பாலத்துக்கு அக்கரையில் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன ஊர், இரண்டு கட்டாவது வாங்காமல் வராதீர்கள்.

6. மறுநாள் விடியலில் திருப்புடைமருதூர்

பலரும் தவறவிடும் இடம். கடனா நதி தாமிரபரணியோடு சேரும் சிற்றூர். ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். 2005-இல் இதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். மரத்தடியில் நிற்க ஒரு தொப்பி அவசியம், ஏன் என்று போனதும் தெரியும். சத்தம் போடாமல் அண்ணாந்து பாருங்கள். குஞ்சுகளுக்குத் தாய்ப்பறவை இரை கொடுப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் நாயக்கர் கால ஓவியங்கள் இருக்கின்றன. மேலே ஏறிப் பார்க்க விடுவார்களா என்று கோயில் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பேருந்தை நம்பி நிற்பதைவிட அம்பையிலிருந்தே ஆட்டோ பிடிப்பது நல்லது. காத்திருந்து திரும்பக் கூட்டிவர எவ்வளவு என்பதையும் ஏறும்போதே பேசிவிடுங்கள்.